ஊசி குத்திய காட்ஸ்

கருவாட்டுப் பாயைப் புரட்டிப் போட்டுவிட்டுக் கேதீஸ்வரி வேப்பமர நிழலில் வந்து குந்தியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வைகாசி மாதம். வல்வெட்டித்துறைக் கரையில் சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்து, மடியில் பழைய சாக்கொன்றை மடித்து வைத்தாள். அதன் மேல் புதுச் சீட்டுக்கட்டொன்றை, காட்ஸ் கட்டை, பிரித்தாள். தடித்த ஊசியொன்றை எடுத்து, முதற் காட்ஸைக் கவிழ்த்துப் பிடித்து, மூலையில் மெல்லக் குத்தினாள். மறுபக்கம் கடுகளவு மேடு எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். விரலுக்குத் தெரிந்தது.

"கேதீசு, என்ன செய்யிறாய் அங்கை?" என்று உள்ளேயிருந்து ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

"ஒண்டுமில்லை. காகத்துக்குக் காவல் இருக்கிறன்."

ஆழ்வாப்பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கி, இரத்தம் கசிந்து, பார்வையின் நடுவே சாம்பல் அப்பியதுபோல் ஆகிவிட்டது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உலகம் மிச்சம் இருந்தது. வேலிப் படலையின் நிறம் தெரியும், வந்து நிற்பவர் முகம் தெரியாது. படகை மருமகனிடம் கொடுத்துவிட்டார். அதையாவது தாங்கினார். கரையிலுள்ள மீன்வாடியில் பின்னேரம் நாலு மணிக்கு நடக்கும் முந்நூற்றிநாலு என்ற காட்ஸ் விளையாட்டிலிருந்து எழும்ப வேண்டி வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சிவப்பு இனங்கள் இரண்டையும், ஆடுதனையும் டயமனையும், மாறிப் போட்டு மூன்றுமுறை பிழை விட்டபிறகு, தானாகவே எழும்பி வந்துவிட்டார்.

அதன்பிறகு பங்குனியில் ஒருநாள் விடியற்காலை அவர் தனியே கடலுக்குள் இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். வலை இழுக்க வந்த கனகசபாபதிதான் கண்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "நீரோட்டம் பாத்தனான்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அன்றைக்குப் பிறகு கேதீஸ்வரி படலைச் சத்தம் கேட்டாலே விழித்துக்கொள்வாள்.

கண் சிகிச்சைக்குப் போன இடத்தில் யோசப்பின் என்றொரு தாதி இருந்தாள். பார்வை குறைந்தவர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய காட்ஸ் கட்டொன்றை அவள் அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். எழுத்து ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. கூடவே, காட்ஸை நிமிர்த்திச் செருகி வைக்க நீளப் பள்ளம் வெட்டிய மரத்தாங்கியும் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். கறுப்பு எழுத்து தெரிந்தது. சிவப்பு எழுத்து சாம்பலுக்குள் கரைந்து போனது.

"பாதிக் கட்டுத்தான் எனக்கு வாய்ச்சிருக்குப் பிள்ளை" என்று சிரித்தார்.

அந்தப் பிள்ளை விடவில்லை. கிளினிக்கில் இருப்பது அந்த ஒரு கட்டுத்தான், கொடுக்க முடியாது என்றாள். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு, தாங்கியை ஒரு கடுதாசியில் வைத்து அளவாகக் கீறிக் கொடுத்தாள். "அம்மா, முகப்பக்கத்திலை சின்ன மணி ஒட்டிப் பாருங்கோ. கண் விட்ட இடத்திலை விரல் பிடிக்கும்" என்று கேதீஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தாங்கியைத் தச்சர் ஒருவர் பழைய வள்ளப் பலகையில் செய்து தந்தார். காசு வாங்கவில்லை. ஒட்டிய மணிகள்தான் நிற்கவில்லை. உப்புக்காற்றிலும் கை வியர்வையிலும் இரண்டு நாளில் உதிர்ந்தன. அதனால்தான் கேதீஸ்வரி ஊசியை எடுத்தாள். ஸ்கோப்பனுக்கு ஒரு குத்து, ஆடுதனுக்கு இரண்டு, களாவரைக்கு மூன்று, டயமனுக்கு நாலு. அதற்குக் கீழே ஏழிலிருந்து ஆஸ் வரைக்கும் வேறு குத்துக்கள். முப்பத்திரண்டு காட்ஸும் முடிய நாலு நாள் சென்றது. கருவாட்டு வேலைக்கும் அடுப்புக்கும் இடையில் இருந்து இருந்து செய்தாள்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவள் காட்ஸ் கட்டைத் தொட்டது மழை வரும்போது எடுத்து உள்ளே வைப்பதற்கு மட்டுந்தான். அந்தக் கரையில் காட்ஸ் ஆம்பிளையளின் அலுவல். எழுத்துள்ள பக்கந்தான் காட்ஸ், நீலப்பூப் போட்ட மற்றப் பக்கம் வெறும் பக்கம் என்றே அவள் நினைத்தாள்.

*

வாடியில் அன்றைக்கு நாலு பேரும் வட்டமாக இருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளைக்கு எதிரே அவருடைய சோடி அருளம்பலம். மற்றச் சோடி கனகசபாபதியும் மார்க்கண்டுவும். ஆழ்வாப்பிள்ளை தன் காட்ஸைத் தாங்கியில் செருகி, பெருவிரலின் ஓரத்தால், கயிறு இழுத்துக் காய்ப்பு ஏறாத அந்த மெல்லிய இடத்தால், ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் மலர்ந்தது.

"அருளம்பலம், மனிசி எனக்குக் கண் வைச்சு விட்டிருக்கிறாள்ரா."

அருளம்பலம் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எட்டுக் காட்ஸும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நீலப் பூக்களின் மேல் ஊசி குத்திய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தன் கையைப் பார்த்தார். அதிலும் அப்படித்தான். அரைமணி நேரம் விளையாடினால் எந்தப் புள்ளி எந்தக் காட்ஸ் என்று குழந்தைக்கும் விளங்கிவிடும். முந்நூற்றிநாலில், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்டவன் துரும்பை மேசையில் கவிழ்த்து வைப்பான். அது என்ன இனம் என்று திறக்கும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது. அந்தக் கவிழ்த்த துரும்பின் முதுகிலும் புள்ளி இருந்தது.

கனகசபாபதி மெல்ல நிமிர்ந்து அருளம்பலத்தைப் பார்த்தார். மார்க்கண்டு இருமினார்.

"என்ன எல்லாரும் பேசாமல் இருக்கிறியள்? பயந்திட்டியளோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"பயந்துதான் போனம் அண்ணை" என்றார் கனகசபாபதி. "நூற்றறுபது கேக்கிறன்."

விளையாட்டு முடிந்து திரும்பும்போது மூன்று பேரும் கடற்கரை வீதியில் நின்றார்கள்.

"சொல்லத்தானே வேணும்" என்றார் மார்க்கண்டு.

"சொன்னால்? அந்த மனிசி நாலு நாள் இருந்து குத்தினதாம். அவர் பேந்து இந்தப் பக்கம் வருவாரோ?" என்றார் அருளம்பலம்.

கனகசபாபதி அந்தப் பங்குனி விடியற்காலையை நினைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "முதுகைப் பாக்காமல் விளையாடுவம். அவரவர் தன்ரை கையைப் பாக்கட்டும். கோயிலிலை அம்மாளாச்சி பாத்துக்கொண்டிருக்கிறா. அவவுக்குப் பொதுவாய், நேர்மையாய் விளையாடுவம்."

அப்படித்தான் நடந்தது. மூன்று ஆண்கள், கண்ணுள்ளவர்கள், தினமும் பின்னேரம் இரண்டு மணி நேரம் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் மடியையே பார்த்தபடி விளையாடினார்கள். கழுத்து நொந்தது. மார்க்கண்டு வீட்டில் எண்ணெய் போட்டுக்கொண்டார். யாரும் அவர்களைப் பார்த்துப் புகழவில்லை, புகழ வேண்டுமென்று அவர்களும் நினைக்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளை சில நாள் வென்றார், சில நாள் தோற்றார். பின்னேரம் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மூன்றரைக்கே படலையடியில் நின்றார். குரக்கன் புட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கேதீஸ்வரி படலைச் சத்தத்துக்கு விழிப்பதை மெல்ல மறந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் அவர் இருநூற்றைம்பது கேட்டார். அந்தக் கரையில் வருடத்துக்கு ஒருமுறை கேட்டாலே கதையாகிவிடும் கேள்வி அது. மொத்தமுள்ள முந்நூற்றிநாலில் எதிர்ச்சோடி ஐம்பத்துநாலு புள்ளிக்கு மேலே எடுத்தால் போச்சு. இந்த விளையாட்டில் பெரியது ஜாக், முப்பது புள்ளி; அடுத்தது ஒன்பது, இருபது; பத்துக்குப் பத்துத்தான். கடைசி இரண்டு பிடி இருக்கும்போது கனகசபாபதியின் கையில் ஆடுதன் ஜாக்கும் டயமன் பத்தும் இருந்தன. ஆழ்வாப்பிள்ளை துரும்பை இறக்கினார். துரும்பில்லாத கனகசபாபதி ஒன்றை எறிய வேண்டும். அவர் ஜாக்கை எறிந்தார். ஆழ்வாப்பிள்ளை கடைசியாக வைத்திருந்த ஆடுதன் ஒன்பது கேட்பாரில்லாமல் வென்றது.

"ஜாக்கை எறியிறான், பத்தை வைச்சிருக்கிறான். கனகசபைக்கு மூளை கரையத் தொடங்கீற்றுது" என்று ஆழ்வாப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார்.

"உங்களிட்டை டயமன் கிடக்கெண்டு நினைச்சிட்டன் அண்ணை."

"வல்லாரை வாங்கித் தின்னடா, வல்லாரை."

அந்தக் கதை மீன் ஏலம் கூறும் இடம்வரை போனது. இரண்டு மாதமாகக் கனகசபாபதியைக் கண்டவர்களெல்லாம் வல்லாரை கேட்டார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

*

மார்கழியில் வாடைக்காற்று கிளம்பி, கடல் அடைத்தது. மார்க்கண்டு மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய இடத்துக்குக் கோபிசங்கர் வந்து இருந்தார். கனகசபாபதியின் மனைவியின் தம்பி. முப்பது வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு, லீவில் வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. வாய் சும்மா இராது, அவ்வளவுதான். ஊசிக் காட்ஸின் கதையை அவருக்கு முன்னமே சொல்லிவைக்க இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

மூன்று தரம் போட்டு முடிந்தது. நாலாவது தரம் கோபிசங்கர் காட்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உதென்ன அத்தான், கட்டு முழுக்கக் கொப்புளிப்பான் போட்டுக் கிடக்கு."

அருளம்பலம் காலால் அவர் காலை மிதித்தார். கோபிசங்கருக்கு விளங்கவில்லை.

"மெய்யாச் சொல்லுறன். அண்ணையின்ரை கை முழுக்க எனக்குத் தெரியுது. அந்தக் கரையிலை நிக்கிறது ஸ்கோப்பன் ஆஸ். அதுக்கு அங்காலை டயமன் ஏழு. சரியோ பிழையோ அண்ணை?"

ஆழ்வாப்பிள்ளை தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். "எப்பிடித் தெரியுது?"

"முதுகிலை ஓட்டை அண்ணை. வெள்ளையாத் தெரியுதெல்லே."

மழை கிடுகுக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளை தாங்கியிலிருந்து ஒரு காட்ஸை எடுத்து, திருப்பி, பெருவிரலின் ஓரத்தால் அதன் முதுகைத் தடவினார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எட்டையும் தடவினார்.

"அருளம்பலம்."

"ஓம் மச்சான்."

"எப்ப தொடக்கம்?"

அருளம்பலம் தன் காட்ஸைக் கவிழ்த்து வைத்தார். "முதல் நாளே கண்டனாங்கள். ஆனால் பாத்து விளையாடேல்லை. அம்மாளாச்சி அறிய, நான் ஒருநாளும் பாக்கேல்லை."

"மார்க்கண்டு?"

"அவனும் பாக்கேல்லை. கழுத்து நோகுதெண்டு எண்ணெய் போட்டுக்கொண்டு வாறவன், தெரியுந்தானே."

"கனகசபை, நீ?"

கனகசபாபதி குனிந்தபடி இருந்தார்.

"ஐப்பசியிலை ஆடுதன் ஜாக்கை எறிஞ்சனி. அண்டைக்கும் பாக்கேல்லையோ? பாக்கேல்லையெண்டால் அம்மாளாச்சி மேலை சத்தியம் பண்ணு. நான் நம்புறன்."

கனகசபாபதி அந்த மாதம் முழுவதும் விடியமுதல் எழும்பி, குளித்து, திருவெம்பாவைப் பாட்டுக்காரரோடு சங்கு ஊதிக்கொண்டு ஊரைச் சுற்றி வருபவர். ஒரு சின்னப் பொய். சொன்னால் ஒரு மனிதனின் மனம் ஆறும். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் வரவில்லை.

"ஒருநாள் கண் முதுகிலை பட்டுது அண்ணை" என்றார். "அண்டைக்கு ஒருநாள்தான். நீங்கள் அவ்வளவு ஆசையாக் கேட்டிருந்தியள். உங்கடை கடைசிக் காட்ஸ் என்னவெண்டு பாத்திட்டன். பேந்து என்னாலை உடைக்கேலாமல் போச்சு."

ஆழ்வாப்பிள்ளை காட்ஸையெல்லாம் சேர்த்து, தட்டி, ஒழுங்காக்கி வைத்தார். எழும்பினார். வேலியைப் பிடித்துப் பிடித்து, மழையில் நனைந்துகொண்டு போனார். கையைப் பிடித்து விடலாமென்று அருளம்பலம் இரண்டடி வைத்தார். பிடிக்கத் துணிவில்லை. பின்னால் பத்தடி விட்டு வீடுவரை நடந்து, படலை சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு திரும்பினார்.

*

"கால் உளையுது. இனிப் போகேல்லை" என்று மட்டும் வீட்டில் சொன்னார். அடுத்த நாள் புட்டை அளைந்துவிட்டு வைத்தார். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை, தேத்தண்ணி மட்டும். சாப்பிடாமல் சீனி வருத்தக் குளிசை போடக்கூடாது. கேதீஸ்வரி கெஞ்சினாள், கோபித்தாள், நேர்த்தி வைத்தாள். படலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

நாலாம் நாள் அருளம்பலம் கொஞ்சம் விளைமீனோடு படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவள் மீனை வாங்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன நடந்தது அண்ணை? சொல்லாட்டில் உந்த மீன் எனக்கு வேண்டாம்."

அவர் சொன்னார். மழைத்தூறலில் நின்று முழுவதும் சொன்னார்.

"அது வெறும் பக்கமெண்டெல்லே நினைச்சன்" என்றாள் கேதீஸ்வரி.

"விளையாடாத ஆளுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும். முன்பக்கம் கையிலை வைச்சிருக்கிறவனுக்கு. முதுகு மற்றவைக்கு. அது எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கோணும். நாங்கள் அண்டைக்கே உம்மட்டை வந்து சொல்லியிருக்கலாம். முகப்பக்கத்தாலை வேறை விதமாச் செய்திருப்பீர். உம்மடை மனம் நோகுமெண்டு விட்டிட்டம்."

அவள் மீனை வாங்கி, மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆழ்வாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் காலடியில் இருந்தாள்.

"என்ரை கைதான் உங்களைக் காட்டிக் குடுத்தது."

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னாலென்ன. ஏசுங்கோவன். ஏசினால் எனக்கு ஆறும்."

"உன்னை ஏன் ஏசுறன். நல்ல வடிவாய்க் குத்தியிருந்தாய். ஒரு காட்ஸிலையும் பிழையில்லை. என்ரை விரலுக்குத் தெரியும்."

"பேந்தேன் இப்பிடிக் கிடக்கிறியள்? அவை பாக்கேல்லையாமே. ஏழு மாதம் குனிஞ்சுகொண்டு இருந்திச்சினமாமே. அது அன்பில்லையே?"

"அன்புதான்." அவர் எழும்பி இருந்தார். "அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. நான் ஒருத்தன் குருடன் எண்டு, கண்ணிருந்தவங்கள் மூண்டு பேரும் குருடராய் இருந்திருக்கிறாங்கள். நான் எழும்பி வந்தாப்பிறகு கழுத்தைத் தடவியிருப்பாங்கள். நான் என்னடாவெண்டால் வெண்டிட்டனெண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். கனகசபையை வல்லாரை தின்னச் சொன்னன், கேதீசு. அவன் சிரிச்சான்."

அவள் அவருடைய காலைப் பிடித்துவிட்டாள். அன்றைக்கும் அவர் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மழை விட்டபோது கனகசபாபதி வந்தார். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி கலைந்திருந்தது. கதவு நிலையோடு நிலத்தில் இருந்தார்.

"அண்ணை, கோபியும் வரவெண்டுதான் நிண்டவன். நான்தான் பேந்து வாவெண்டு சொன்னன். அழுகிறான்."

"அவன் என்ன செய்தவன். கண்டதைச் சொன்னவன்."

"நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"அதை விடு. ஒண்டு கேக்கிறன். நேராய் மறுமொழி சொல்லு." ஆழ்வாப்பிள்ளை முகத்தைத் திருப்பி, தெரிகிற ஓரக்கண்ணை அவர் இருந்த பக்கம் வைத்தார். "அண்டைக்கு உன்ரை கண் படாமல் இருந்திருந்தால், நான் வெண்டிருப்பனோ?"

அடுப்படிக் கதவில் நின்ற கேதீஸ்வரி, ஓமெண்டு சொல்லு, ஓமெண்டு சொல்லு என்று மனதுக்குள் மன்றாடினாள். காட்ஸ் தெரியாத அவளுக்கும் அந்த ஒரு சொல்லின் விலை தெரிந்தது.

கனகசபாபதி கண்ணை மூடினார். அந்த விளையாட்டை முதற் பிடியிலிருந்து மனதுக்குள் போட்டுப் பார்த்தார். நேரம் எடுத்தது.

"இல்லை அண்ணை" என்றார். "எங்களுக்கு முதலே பத்துப் புள்ளி வந்திட்டுது. கண் படாட்டில் நான் ஜாக்கைத்தான் வைச்சிருப்பன், பத்தை எறிஞ்சிருப்பன். கடைசிப் பிடியிலை உங்கடை ஒன்பதும் என்ரை ஜாக்கும் ஐம்பது. அறுபதாய்ப் போகும். தோத்திருப்பியள்."

"ஜாக் முதலே இறங்கீற்றுதெண்டு நினைச்சன்."

"இறங்கேல்லை. நீங்கள் எண்ணிக்கை விட்டிட்டியள்."

"விட்டிட்டன்."

"அது கண்ணாலை வந்த பிழையில்லை அண்ணை. நானெண்டாலும் விட்டிருப்பன், மார்க்கண்டுவெண்டாலும் விட்டிருப்பான். அந்தக் கைக்கு இருநூற்றைம்பது கேட்டது விசர்க் கேள்வி."

ஆழ்வாப்பிள்ளை அந்தப் பிடிகளை விரல் மடக்கி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். முற்றத்து வேம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விசர்க் கேள்விதான்" என்றார் கடைசியில்.

"நாளைக்கு வந்து பாக்கட்டே?"

"வா. விளையாடக் கூப்பிடாதை. சும்மா வா."

கனகசபாபதி எழும்பி, கேதீஸ்வரி பக்கம் பாராமல் போனார். படலைக் கயிற்றை அவிழ்த்து, வெளியே போய், திரும்பவும் முன்போலவே கட்டினார்.

கேதீஸ்வரிக்கு முதலில் அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று வந்தது. சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆழ்வாப்பிள்ளை அடுப்படிக்குள் வந்து, காலால் பலகையைத் தேடி இழுத்து, அதில் இருந்தார். ஆறு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

"தோத்துப்போனன் கேதீசு" என்றார். "சோறு போடு."

அவள் சோற்றைப் போட்டு, மீன் சொதியை விட்டு, தட்டை அவர் கைக்குள் வைத்தாள். அவர் முள் தடவிப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். கண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை, சாப்பாட்டை நிறுத்தவும் இல்லை. தட்டு வெறுமையானதும் அதை அவள் பக்கம் நீட்டினார். கேதீஸ்வரி இரண்டாந்தரமும் போட்டாள்.